ஒன்று குறைந்த பெருந்தொகை

சதுரங்கப் பலகையின் முதல் கட்டத்தில் ஒரு தானியம், இரண்டாவதில் இரண்டு, மூன்றாவதில் நான்கு என்று கட்டத்துக்குக் கட்டம் இரட்டித்துக்கொண்டே போனால், அறுபத்து நான்கு கட்டங்களிலும் சேர்த்து எத்தனை தானியம்? விடை 1,84,46,74,40,73,70,95,51,615. வாய்விட்டுச் சொன்னால், ஒரு லட்சத்து எண்பத்து நாலாயிரத்து நானூற்று அறுபத்தேழு கோடி கோடியே, நாற்பத்து நான்கு லட்சத்து ஏழாயிரத்து முந்நூற்று எழுபது கோடியே, தொண்ணூற்றைந்து லட்சத்து ஐம்பத்தோராயிரத்து அறுநூற்றுப் பதினைந்து. இந்த எண்ணின் குணங்களை ஆராய்வதே இக்கட்டுரையின் வேலை. இனி இதைப் 'பெருந்தொகை' என்றே குறிப்பிடுகிறேன்.

கதையைக் கேட்காதவர்கள் குறைவு. ஆட்டத்தைக் கண்டுபிடித்தவன் அரசனிடம் கேட்ட பரிசு இது. 13ஆம் நூற்றாண்டில் இப்னு கல்லிகான் தொகுத்த வாழ்க்கை வரலாற்று அகராதியில் கேட்டவன் பெயர் சிஸ்ஸா, கொடுக்க ஒப்புக்கொண்ட இந்திய அரசன் பெயர் ஷிஹ்ராம். கேரளத்து அம்பலப்புழையில் கேட்டவர் கிருஷ்ணனேதான். அந்தக் கடன் தீராததால்தான் கோயிலில் இன்றும் பால்பாயசம் வழங்குகிறார்கள் என்பது தலபுராணம். ஓர் அரிசிமணி 25 மில்லிகிராம் என்று வைத்துக்கொண்டால் கடன் 46,000 கோடி டன்னைத் தாண்டும். இன்றைய விளைச்சலில் உலகம் முழுவதும் சேர்ந்து அடைக்க ஏறத்தாழ 900 ஆண்டுகள் ஆகும்.

பிரெஞ்சுக் கணிதர் எதுவார் லுக்கா 1883இல் விற்பனைக்குக் கொண்டுவந்த 'ஹனோய் கோபுரம்' என்ற விளையாட்டிலும் இதே எண்தான் வருகிறது. காசியில் ஒரு கோயிலில் மூன்று வைர ஊசிகள் இருப்பதாகவும், அவற்றில் 64 தங்கத் தட்டுகளைப் பூசாரிகள் ஓயாமல் இடம் மாற்றுவதாகவும் அந்த விளையாட்டோடு ஒரு கற்பனைக் கதை பரவியது. எல்லாத் தட்டுகளையும் ஓர் ஊசியிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றக் குறைந்தது எத்தனை நகர்வுகள் வேண்டுமோ அதுவே நமது பெருந்தொகை. நொடிக்கு ஒரு நகர்வு என்றால் 58,454 கோடி ஆண்டுகள். பிரபஞ்சத்தின் வயது 1,380 கோடி ஆண்டுகள்தான்.

பருமனைப் பற்றி இவ்வளவு போதும். இந்த எண்ணைப் பற்றி எழுதுகிறவர்கள் பெரும்பாலும் இந்த இடத்தோடு நின்றுவிடுகிறார்கள் என்பதே என் வருத்தம். ஓர் எண் பெரிதாக இருப்பதில் சிறப்பு ஏதுமில்லை. எந்த எண்ணின் பின்னாலும் ஒரு பூஜ்யம் சேர்த்தால் அதைவிடப் பெரிய எண் கிடைத்துவிடும். பெருந்தொகையின் செல்வம் அதன் உள்ளமைப்பில் இருக்கிறது. அது ஏழு பகா எண்களின் பெருக்கற்பலன். அந்த ஏழில் ஒவ்வொன்றுக்கும் கணித வரலாற்றில் தனி இடம் உண்டு. அதோடு ஒன்றைக் கூட்டினால் வரும் 2⁶⁴ என்ற எண்ணில் இரண்டைத் தவிர வேறு பகா எண்ணே கிடையாது. ஒரே ஒரு தானியம் குறைந்ததால்தான் இத்தனையும் உள்ளே வந்தது.

அந்த ஒரு தானியம் எங்கே குறைந்தது? முதல் கட்டத்தில், இருக்கும் தானியத்தோடு கூடுதலாக ஒன்றை வைத்துப் பாருங்கள். இப்போது அங்கே இரண்டு. அடுத்த கட்டத்திலும் இரண்டு. இரண்டையும் சேர்த்தால் நான்கு. அதற்கடுத்த கட்டத்திலும் நான்கு, சேர்த்தால் எட்டு. இப்படியே குவியல் எப்போதும் அடுத்த கட்டத்துக்குச் சமமாகி அதோடு கலந்துகொண்டே போகும். கடைசிக் கட்டத்தையும் விழுங்கிய பிறகு குவியலில் இருப்பது 2⁶⁴. கூடுதலாக வைத்த தானியத்தைத் திரும்ப எடுத்துவிட்டால் 2⁶⁴ − 1. அறுபத்து நான்கு எண்களை ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதிக் கூட்ட வேண்டிய அவசியமே இல்லை.

2⁶⁴ஐக் கண்டுபிடிக்க அறுபத்து நான்கு முறை இரட்டிக்கவும் வேண்டாம். சந்தஸ் சாஸ்திரம் எழுதிய பிங்கலர், குரு லகு என்ற இரு வகை அசைகளைக் கொண்டு ஓர் அடியை எத்தனை விதமாக அமைக்கலாம் என்று கணக்கிட ஒரு முறை சொல்லியிருக்கிறார். அசைகளின் எண்ணிக்கையைப் பாதியாக்கிக்கொண்டே போக வேண்டும். திரும்பி வரும்போது ஒவ்வொரு பாதிக்கும் ஒரு வர்க்கம். 64ஐ ஆறு முறை பாதியாக்கினால் 1. ஆகவே இரண்டில் தொடங்கி ஆறு முறை வர்க்கப்படுத்தினால் போதும்: 4, 16, 256, 65,536, 4,29,49,67,296, பிறகு 2⁶⁴. கி.பி. 1000ஐ ஒட்டி அல்பிரூனி சதுரங்கக் கணக்கைப் போட்டுக் காட்டியதும் 16ஐ நான்கு முறை தொடர்ந்து வர்க்கப்படுத்தி, முடிவில் ஒன்றைக் கழித்துத்தான். செய்யுள் இலக்கணத்தில் பிறந்த வழியும் தானியக் கணக்கில் பிறந்த வழியும் ஒரே இடத்துக்குக் கொண்டுவிடுகின்றன.

இந்த வர்க்கங்களை மனதில் வைத்துக்கொண்டு பலகையை மறுபடி பார்க்கலாம். இந்தக் கட்டுரையில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி இதுதான்.

முதல் இரண்டு கட்டங்களில் மொத்தம் 3 தானியங்கள். முதல் நான்கில் 15. அது 3 × 5. முதல் வரிசை எட்டுக் கட்டங்களில் 255. அது 3 × 5 × 17. இரண்டு வரிசைகளில் 65,535. அது 3 × 5 × 17 × 257. நான்கு வரிசைகளில், அதாவது பாதிப் பலகையில், 4,29,49,67,295. முன்னதை 65,537ஆல் பெருக்கினால் இது வரும். முழுப் பலகைக்கு, பாதிப் பலகையின் தொகையை 4,29,49,67,297ஆல் பெருக்க வேண்டும். எடுத்துக்கொள்ளும் இடம் ஒவ்வொரு முறை இரட்டிக்கும்போதும் ஒரு புதிய பெருக்குஎண் வந்து சேர்கிறது. பழையவை அப்படியே இருக்கின்றன.

காரணம் எளிது. பலகையின் இரண்டாம் பாதியில் ஒவ்வொரு கட்டமும், முதல் பாதியில் அதற்கு நேரான கட்டத்தின் 2³² மடங்கு. எனவே இரண்டாம் பாதியின் தொகை முதல் பாதியின் தொகையைப்போல் 2³² மடங்கு. இரண்டையும் கூட்டினால், முதல் பாதியின் 2³² + 1 மடங்கு. பள்ளியில் படித்த a² − 1 = (a − 1)(a + 1) என்ற சமன்பாடுதான் இது, தானியமாகக் கொட்டிக் கிடக்கிறது. கட்டங்களின் எண்ணிக்கையான 64, இரண்டை ஆறு முறை பெருக்கி வந்ததால் இந்தப் பாதியாக்கம் ஆறு முறையும் மிச்சமில்லாமல் நடக்கிறது.

3, 5, 17, 257, 65,537, 4,29,49,67,297. இந்த ஆறுக்கும் ஃபெர்மா எண்கள் என்று பெயர். ஒவ்வொன்றும் நாம் மேலே கண்ட வர்க்கங்களில் ஒன்றைவிட ஒன்று அதிகம். முதலாவதான 3 மட்டும் தொடக்க எண்ணான 2ஐவிட ஒன்று அதிகம். முதல் ஐந்தும் பகா எண்கள். 1640இல் பியர் டி ஃபெர்மா தம் கடிதங்களில், இந்த வரிசையில் வரும் எல்லா எண்களுமே பகா எண்கள் என்று தாம் நம்புவதாக எழுதினார். நிரூபணம் தம்மிடம் இல்லை என்பதையும் ஒப்புக்கொண்டார். ஆறாவது எண்ணிலேயே அந்த நம்பிக்கை உடைந்தது. உடைவதற்குத் தொண்ணூறு ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று.

1729 டிசம்பரில் கிறிஸ்டியன் கோல்ட்பாக், ஃபெர்மாவின் கூற்றை இளம் லியோனார்ட் ஆய்லரின் கவனத்துக்குக் கொண்டுவந்தார். 1732இல் ஆய்லர் விடை சொன்னார்: 4,29,49,67,297 = 641 × 67,00,417. பெருக்கிப் பார்த்துவிடலாம். 67,00,417ஐ 600ஆல் பெருக்கினால் 4,02,02,50,200. 41ஆல் பெருக்கினால் 27,47,17,097. கூட்டினால் 4,29,49,67,297. சரியாக இருக்கிறது.

ஆனால் பெருக்கிச் சரிபார்ப்பது ஏன் என்ற கேள்விக்கு விடை ஆகாது. 641 எப்படி இங்கே வந்தது என்பதைக் காட்டும் ஓர் அழகான வழி இருக்கிறது. ஒரு போஸ்ட் கார்டில் எழுதிவிடலாம். 641ஐ இரண்டு விதமாக எழுத முடியும். ஒன்று, 640 + 1, அதாவது 5 × 2⁷ + 1. மற்றொன்று, 625 + 16, அதாவது 5⁴ + 2⁴. இனி 641ஆல் வகுத்தால் என்ன மீதி என்பதை மட்டும் கவனிப்போம். முதல் வடிவத்தின்படி 5 × 2⁷ என்பது −1க்குச் சமமான மீதியைத் தரும். அதை நான்காம் அடுக்குக்கு உயர்த்தினால் 5⁴ × 2²⁸ என்பது 1க்குச் சமம். இரண்டாம் வடிவத்தின்படி 5⁴ இருக்கும் இடத்தில் −2⁴ஐப் போடலாம். போட்டால் −2³² என்பது 1க்குச் சமம் என்று வருகிறது. அப்படியானால் 2³² + 1ஐ 641 மீதியின்றி வகுக்கிறது. பத்து இலக்க எண் எதையும் வகுக்காமலேயே, 5 மற்றும் 2 ஆகியவற்றின் அடுக்குகளை வைத்தே காரியம் முடிந்துவிட்டது. ஒவ்வொரு முறை எழுதும்போதும் இந்த நான்கு வரிகள் எனக்கு மனநிறைவு தருகின்றன.

641ஐத் தேடிப் பிடிப்பதும் அவ்வளவு கடினமாக இருந்திருக்காது. 2³² + 1ஐ வகுக்கக்கூடிய எந்தப் பகா எண்ணும் 64இன் ஒரு மடங்கோடு ஒன்றைக் கூட்டியதாகவே இருக்க வேண்டும் என்று ஆய்லர் பிற்பாடு நிரூபித்தார். அந்த வடிவில் வரும் பகா எண்கள் 193, 257, 449, 577, 641. ஐந்தாவது முயற்சியிலேயே விடை. 64க்குப் பதில் 128 என்றே சொல்லலாம் என்று 1878இல் காட்டியவர், ஹனோய் கோபுரம் செய்த அதே லுக்கா. அப்போது 257, 641 என்று இரண்டே எண்களைச் சோதித்தால் போதும். ஃபெர்மாவைப் போன்ற கணக்கர் இதை எப்படித் தவறவிட்டார் என்பது இன்றும் வியப்பாகவே பேசப்படுகிறது.

ஆக, பெருந்தொகை = 3 × 5 × 17 × 257 × 641 × 65,537 × 67,00,417. ஏழும் வெவ்வேறு, எதுவும் இருமுறை வரவில்லை. ஆகவே பெருந்தொகையை மீதியின்றி வகுக்கும் எண்கள் 2⁷, அதாவது 128. தானியத்தைச் சமமாகப் பங்கிட 128 வழிகள் உண்டு என்று பொருள். மூன்று பேருக்கும் பங்கிடலாம், ஐந்து பேருக்கும் பங்கிடலாம், 641 பேருக்கும் பங்கிடலாம். ஏழு பேருக்கு முடியாது. ஒரு தானியம் மிஞ்சும். இலக்கங்களைக் கூட்டினால் 87. அது மூன்றால் வகுபடும், ஒன்பதால் வகுபடாது. எனவே ஒன்பது பேருக்கும் முடியாது.

பலகையில் மூன்று கட்டங்கள் குறைந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதையும் சொல்ல வேண்டும். 61 கட்டங்களின் தொகை 23,05,84,30,09,21,36,93,951. இது ஒரு பகா எண். இவான் பெர்வூஷின் என்ற ரஷ்ய கிராமத்துப் பாதிரியார் 1883இல் இதை நிறுவினார். அத்தனை தானியம் இருந்தும், தலைக்கு ஒன்று என்று கொடுப்பதைத் தவிர அதைச் சமமாகப் பங்கிட வழியே கிடையாது. பெருந்தொகையில் எட்டில் ஒரு பங்கு அளவுள்ள எண். குணத்தில் நேர் எதிர். பருமன் எண்ணின் இயல்பைச் சொல்லாது என்பதற்கு இதைவிட நல்ல சான்று எனக்குத் தெரியாது.

இனி வடிவியலுக்கு வரலாம். கவராயமும் குறியிடாத அளவுகோலும் மட்டும் கொண்டு எந்தெந்த ஒழுங்குப் பலகோணங்களை வரைய முடியும் என்பது கிரேக்கர் காலத்துக் கேள்வி. முக்கோணமும் ஐங்கோணமும் பதினைங்கோணமும் யூக்ளிட் காலத்திலேயே தெரியும். அதற்குப் பிறகு இரண்டாயிரம் ஆண்டுகள் ஒரு முன்னேற்றமும் இல்லை. 1796 மார்ச் 30 அன்று, பத்தொன்பது வயது நிறையாத காஸ், பதினேழு பக்கங்கள் கொண்ட ஒழுங்குப் பலகோணத்தை வரைய முடியும் என்று கண்டார். அவர் வகுத்த விதி இது: பக்கங்களின் எண்ணிக்கை ஒற்றை எண்ணாக இருந்தால், அது வெவ்வேறு ஃபெர்மா பகா எண்களின் பெருக்கற்பலனாக இருக்க வேண்டும். வேறு எதையும் வரைய முடியாது என்ற மறுபாதியை 1837இல் பியர் வான்ட்செல் நிரூபித்தார்.

இதுவரை தெரிந்த ஃபெர்மா பகா எண்கள் மொத்தம் ஐந்து. அந்த ஐந்தும் பெருந்தொகைக்குள் இருக்கின்றன. ஐந்தையும் பெருக்கினால் வரும் 4,29,49,67,295தான், வரைய முடியும் என்று நமக்குத் தெரிந்தவற்றுள் மிகப் பெரிய ஒற்றைப்படைப் பலகோணம். மேலே பார்த்த எண்தான், பாதிப் பலகையின் தொகை. பாதிப் பலகைக்கு உரிய பலகோணத்தைக் கவராயத்தால் வரையலாம். முழுப் பலகைக்கு உரியதை ஒருநாளும் வரைய முடியாது, 641 குறுக்கே நிற்கிறது. 257 பக்கங்களுக்கு உரிய செய்முறையை ரிஷெலோ 1832இல் வெளியிட்டார். 65,537 பக்கங்களுக்கு ஜொஹான் ஹெர்மிஸ் பத்தாண்டுகள் உழைத்து 1894இல் முடித்தார். அந்தக் கையெழுத்துப் பிரதியை ஜெர்மனியின் கோட்டிங்கென் பல்கலைக்கழகத்தில் ஒரு பெட்டியில் வைத்திருக்கிறார்கள். அதை வீண் உழைப்பு என்று சொல்கிறவர்கள் உண்டு. முடியும் என்று தெரிந்த ஒன்றைக் கடைசிவரை செய்து காட்டியவரை அப்படிச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

பிங்கலரிடம் மறுபடி போக வேண்டியிருக்கிறது. அவருடைய நூலுக்கு 10ஆம் நூற்றாண்டில் உரை எழுதிய ஹலாயுதர் மேரு பிரஸ்தாரத்தை விளக்குகிறார். உச்சியில் ஒன்று; ஒவ்வொரு வரியின் இரு ஓரங்களிலும் ஒன்று; நடுவில் வருவது மேலே இருக்கும் இரண்டின் கூட்டல். நம் பாடப்புத்தகங்களில் பாஸ்கல் முக்கோணம் என்ற பெயரில் வருவது இதுவே. அதன் ஒவ்வொரு வரியிலும் ஒற்றை எண் இருக்கும் இடத்தில் 1, இரட்டை எண் இருக்கும் இடத்தில் 0 என்று எழுதி, வரியை ஓர் இரும எண்ணாகப் படித்துப் பாருங்கள். வரும் எண்கள் 1, 3, 5, 15, 17, 51, 85, 255, 257... உச்சியைச் சுழியாம் வரி என்று கொண்டால், 1 முதல் 31 வரையிலான வரிகள் தருவது சரியாக 31 எண்கள். வரைய முடியும் என்று தெரிந்த ஒற்றைப்படைப் பலகோணங்களும் 31தான், இவையே அவை. 32ஆம் வரியில் 4,29,49,67,297 வருகிறது, பட்டியல் அங்கே அறுந்துபோகிறது.

63ஆம் வரியில் உள்ள 64 எண்களும் ஒற்றை எண்கள். நடுவில் நிற்பது 9,16,31,20,70,47,12,95,267, அதுவும் ஒற்றை. ஓர் இரட்டை எண்கூட இடையில் நுழைவதில்லை. இரும முறையில் படித்தால் அறுபத்து நான்கு ஒன்றுகள், அதுதான் பெருந்தொகை. அந்த வரியின் எண்களை அப்படியே கூட்டினால் 2⁶³. அது சதுரங்கப் பலகையின் கடைசிக் கட்டத்தில் மட்டும் இருக்கும் தானியம். ஒரே வரியை ஒருவிதமாகப் படித்தால் முழுப் பலகை, இன்னொருவிதமாகப் படித்தால் கடைசிக் கட்டம்.

அறுபத்து நான்கு ஒன்றுகள் என்றதும் கணினிக்காரர்களுக்கு விஷயம் பிடிபட்டிருக்கும். 64 பிட் கணினியில் ஒரு பதிவேட்டில் குறியில்லாமல் எழுதக்கூடிய மிகப் பெரிய முழு எண் பெருந்தொகைதான். அதோடு ஒன்றைக் கூட்டினால் பதிவேடு பூஜ்யத்துக்குத் திரும்பிவிடும். இதைப் பலர் சொல்லியாயிற்று. காரணிகளுக்கு அங்கே என்ன வேலை என்பதுதான் அதிகம் சொல்லப்படாதது.

விளையாட்டுச் செயலிகளுக்கும் அறிவியல் மாதிரிக் கணக்குகளுக்கும் தற்செயல் போலத் தோன்றும் எண்கள் ஓயாமல் தேவைப்படுகின்றன. 2003இல் ஜார்ஜ் மார்சாலியா அதற்கு மூன்றே அடிகளில் ஒரு முறை கொடுத்தார். 64 பிட் எண் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். அதை இடப்பக்கம் 13 இடம் நகர்த்தி, வந்ததை மூல எண்ணோடு வைத்து, பிட்டுக்குப் பிட் ஒத்திருக்கும் இடத்தில் 0, மாறுபடும் இடத்தில் 1 என்று எழுதுங்கள். கிடைத்ததை வலப்பக்கம் 7 இடம் நகர்த்தி அதையே செய்யுங்கள். பிறகு இடப்பக்கம் 17. மூன்றும் முடிந்தால் புதிய எண். இதையே திரும்பத் திரும்பச் செய்தால், பூஜ்யத்தைத் தவிர எல்லா 64 பிட் எண்களும் ஆளுக்கு ஒருமுறை வந்துபோன பிறகுதான் தொடங்கிய எண் திரும்ப வரும். சுற்றின் நீளம் பெருந்தொகை.

அவ்வளவு நீளச் சுற்றை ஓட்டிப் பார்த்து யாரும் சரிபார்க்க முடியாது. நொடிக்கு நூறு கோடி அடி வைத்தாலும் 584 ஆண்டுகள் ஆகும். இங்கேதான் ஏழு பகா எண்கள் உதவிக்கு வருகின்றன. முதலில், பெருந்தொகை அளவு அடிகளுக்குப் பிறகு எந்த எண்ணும் தொடங்கிய இடத்துக்கே வந்துசேர்கிறதா என்று பார்க்க வேண்டும். பிறகு பெருந்தொகையை 3ஆல் வகுத்து, அத்தனை அடிகளில் எல்லா எண்களும் முன்கூட்டியே திரும்பிவிடவில்லை என்று உறுதி செய்ய வேண்டும். அப்படியே 5, 17, 257, 641, 65,537, 67,00,417. ஒவ்வொரு அடியாகப் போக வேண்டியதில்லை; பிங்கலர் சொன்ன பாதியாக்கும் முறையில் சில டஜன் பெருக்கல்களில் அத்தனை தூரத்தைத் தாண்டிவிடலாம். எட்டுச் சோதனைகளிலும் தேறினால் சுற்று முழுமையானது. 13, 7, 17 தேறுகிறது. ஆய்லர் கண்ட 641 தெரியாமல் இந்தச் சோதனைப் பட்டியலை எழுதவே முடியாது.

பெருந்தொகைக்கு அடுத்த ஒற்றை எண்ணையும் விட்டுவிட முடியாது. அதோடு இரண்டைக் கூட்டினால் 2⁶⁴ + 1, ஏழாவது ஃபெர்மா எண். இதிலிருந்து, இந்த ஏழாவது எண்ணை முந்தைய ஆறில் எதனால் வகுத்தாலும் மீதி 2 வரும் என்பது உடனே தெரிகிறது. எல்லாம் ஒற்றை எண்கள் ஆகையால், எந்த இரண்டு ஃபெர்மா எண்களுக்கும் பொதுவான காரணி இருக்க முடியாது. பகா எண்களுக்கு முடிவில்லை என்பதற்கு இதையே நிரூபணமாக வைத்து 1730இல் ஆய்லருக்கு எழுதினார் கோல்ட்பாக்.

இன்னொரு பலகையைப் பக்கத்தில் வைத்து, இரட்டிப்பதை 128 கட்டங்கள்வரை தொடர்ந்தால், மொத்தத் தொகை பெருந்தொகையை இந்த ஏழாவது எண்ணால் பெருக்கியது. அதைக் காரணிப்படுத்துவது 641போல எளிதாக இருக்கவில்லை. ஃபோர்த்தூனே லாண்ட்ரி 1880இல், தமது 82ஆம் வயதில், அது 2,74,177 × 6,72,80,42,13,10,721 என்று வெளியிட்டார். தாமஸ் கிளாசன் 1855லேயே காஸுக்கு எழுதிய கடிதத்தில் இதைச் சொல்லியிருந்தார் என்பது பின்னால் தெரியவந்தது. நான்கு பலகைகளுக்கு உரிய அடுத்த ஃபெர்மா எண் 1970இல் கணினியின் உதவியோடுதான் உடைந்தது. எட்டுப் பலகைகளுக்கு உரியது 1980இல், பதினாறுக்கு உரியது 1990இல், முப்பத்திரண்டுக்கு உரியது 1995இல். அறுபத்து நான்கு பலகைகளுக்கு உரியதை அதற்கும் முன்பே, 1988இல், ரிச்சர்ட் பிரென்ட் முடித்திருந்தார்.

ஆகவே ஒரு சதுரங்கப் பலகையின் ஒவ்வொரு கட்டத்திலும் ஒரு முழுப் பலகையை வைத்து, 4,096 கட்டங்களிலும் இரட்டித்துக்கொண்டே போனால் வரும் தொகைக்கு 1,234 இலக்கங்கள்; அதன் பகாக் காரணிகள் ஒன்றுவிடாமல் நமக்குத் தெரியும். இதே போல இன்னொரு 64 பலகைகளைச் சேர்த்தால் தெரியாது. அதற்கு வேண்டிய 2⁴⁰⁹⁶ + 1 என்ற எண்ணின் முதல் காரணியான 1,14,689ஐ 1877இல் கண்டவர், 61 கட்டங்களின் தொகையைப் பகா எண் என்று நிறுவிய அதே கிராமத்துப் பாதிரியார் பெர்வூஷின். அதற்குப் பிறகு ஐந்து பகாக் காரணிகள் கிடைத்திருக்கின்றன. ஆறாவது 2010இல் வந்தது. ஆறையும் வகுத்து நீக்கிய பிறகு 1,133 இலக்கங்கள் கொண்ட ஓர் எண் மீதி நிற்கிறது. அது பகா எண் இல்லை என்பது நிரூபணமாகிவிட்டது. அதன் காரணிகளில் ஒன்றுகூட இன்றுவரை யாருக்கும் தெரியாது.